கண்ணாடியைக் கழற்றும் இடம்

“இன்னுமா எழுதலை?” என்றாள் மனைவி.

“மத்தியானம் அதிபர் சபையில பேசணும். தன்னைப் பதவி நீக்கற தீர்மானத்தை எதிர்த்து. போன ஆட்சியில அப்ப இருந்த அதிபர் மேல இதே மாதிரி தீர்மானத்தைக் கொண்டு வந்தவரே அவர்தான். ‘குற்றச்சாட்டு வந்தாலே நாற்காலியை விட்டு எழுந்திருக்கணும்’னு எழுதிக் கொடுத்தது நான். இப்ப எந்த வாயால மாத்தி எழுதறது?”

“வாய் அவரோடதுதானே. உங்களுக்கென்ன?”

“அவர் நாற்காலி போனா நம்ம வீட்டுச் சோறும் போகும்.”

அவள் அலமாரியிலிருந்து ஒரு பழைய உரையை எடுத்து நீட்டினாள். பதவி நீக்கம் மக்கள் தீர்ப்புக்குச் செய்யும் துரோகம் என்று அது தொடங்கியது.

“பதிலுக்கு உங்க பழசைக் கொடுங்க. எனக்கும் வேலை இருக்கு.”

அவன் தன் பழையதை எடுத்துக் கொடுத்துவிட்டு, அவள் தந்ததில் பெயர்களை மட்டும் மாற்றி அதிபருக்கு அனுப்பினான்.

மத்தியானம் இருவரும் தொலைக்காட்சி முன் உட்கார்ந்தார்கள். அதிபர் உருக்கமாகப் பேசினார். நடுவில் நிறுத்தி, கண்ணாடி அணியாத தன் முகத்தில் கையால் எதையோ தேடினார்.

“ஐயோ. ‘இங்கே கண்ணாடியைக் கழற்றித் துடைக்கவும்’னு எழுதியிருந்தேனே, அந்த வரியை நீங்க நீக்கலையா?” என்றாள் மனைவி.

கேமரா எதிர்வரிசைக்குத் திரும்பியது. போன ஆட்சியில் அதிபராக இருந்து, அதே உரையை அதே சபையில் பேசித் தப்பித்த எதிர்க்கட்சித் தலைவர், தன்னை அறியாமல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். அவருக்கு அன்றும் இன்றும் உரை எழுதுபவள் அவள்தான்.

அவன் தொலைக்காட்சியை அணைக்க எழுந்தான்.

“இருங்க. அடுத்து எங்க ஆளு. உங்க பழசு வருது.”