கடன் போன ஏணி

முதலில் தப்பு செய்தது தையல்காரர்தான். அதில் டிரைவருக்குச் சந்தேகமே கிடையாது.

வெள்ளையடிக்க வேண்டும் என்று சொல்லி டிரைவருடைய ஏணியை வாங்கிப் போனார் பக்கத்து வீட்டுத் தையல்காரர். திருப்பித் தரவில்லை. கேட்டால், "தர்றேண்ணே, ஏணி என்ன நடந்தா போயிடும்?" என்று ஒரு சிரிப்பு வேறு. அன்றோடு பேச்சுவார்த்தை நின்றது. லாரி ஓட்டிய காலமாக இருந்தால் டிரைவர் மறந்திருப்பார். இப்போது வேலையில்லை, நினைத்துக்கொண்டே இருக்க நேரம் நிறைய இருந்தது.

அதனால், வீட்டில் வைத்த திருட்டு அலாரம் காரணமே இல்லாமல் அலற ஆரம்பித்ததும், அது யார் வேலை என்று அவர் யோசிக்கவே இல்லை.

"அவன்தான்."

"ஏங்க, எதுக்கெடுத்தாலும் அந்தத் தம்பியை இழுக்காதீங்க," என்றாள் மனைவி.

அலாரம் வெளியூரில் இருக்கும் மகன் மாட்டிக் கொடுத்தது. இங்கே அலறினால் அவன் போனிலும் அலறும். "அப்பா, இன்னொரு தடவை இப்படி அடிச்சா வீட்டை வித்துட்டு என் ஃப்ளாட்டுக்கு வந்துடுங்க. தினம் பயந்து சாக என்னால முடியாது" என்று தீர்மானமாகச் சொல்லிவிட்டான்.

அந்த ஃப்ளாட்டை நினைத்தாலே டிரைவருக்கு மூச்சு முட்டியது. அவருடைய லாரி கேபினே அதைவிடப் பெரிசு.

அலாரத்தைப் பார்க்க மெக்கானிக் வந்தார். பேட்டரியை மாற்றினார். சிலந்தி வலையைத் துடைத்தார்.

"சில நேரம் பல்லி ஓடினாக்கூட அடிக்கும் சார்."

"பல்லி இந்த வீட்டுல இல்ல. பக்கத்து வீட்டுல இருக்கு."

"எப்போ அடிக்குது?"

"இவளை முட்டி வலி டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறப்ப மட்டும் அடிக்கும். வந்து பார்த்தா கதவெல்லாம் பத்திரமா மூடியிருக்கும். ஒரு சாமான் தொலையாது. ஆனா பின்பக்கச் சுவருக்கு மேல அவன் தலை மட்டும் தெரிஞ்சு மறையும். இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?"

"அப்படின்னா இப்பவும் கிளம்புங்க. வழக்கமா எப்படிப் போவீங்களோ அப்படியே. நான் பின்பக்கம் ஒளிஞ்சு பார்க்கிறேன்."

டிரைவருக்கு உற்சாகம் தாங்கவில்லை. பின்கதவை ஓங்கி ஒரு அறை அறைந்தார். லாரிக் கதவை அறைந்தே பழகிய கை. அறைந்துவிட்டுத் திரும்பிப் பார்க்கிற வழக்கமில்லை. ரிமோட்டை அமுக்கி, மனைவியோடு காரில் புறப்பட்டார். தெருமுனையில் அவளைக் காரிலேயே உட்கார வைத்துவிட்டு, சந்து வழியாகத் திரும்பி வந்து, பின்சுவரோரம் இருந்த தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் மெக்கானிக்கோடு பதுங்கினார்.

"கையும் களவுமா பிடிக்கிறேன் பாரு."

காற்று ஒரு தடவை வீசியது. தாழ்ப்பாள் விழாமல் சும்மா ஒட்டிக்கொண்டிருந்த பின்கதவு, விருந்தாளியை வரவேற்கிற மாதிரி மெல்லத் திறந்தது.

அலாரம் ஊரைக் கூட்டியது.

மெக்கானிக் டிரைவரைப் பார்த்தார். டிரைவர் வானத்தைப் பார்த்தார்.

அப்போது சுவருக்கு மேல் ஒரு தலை தெரிந்தது. கழுத்தில் அளவு நாடா, கையில் பெரிய கத்தரிக்கோல். தையல்காரர் தொப்பென்று இந்தப் பக்கம் குதித்தார்.

"யாருடா உள்ளே? வெளியே வாடா!"

கத்தரிக்கோலை நீட்டியபடி உள்ளே எட்டிப் பார்த்தார். யாரும் இல்லை என்று தெரிந்ததும், கதவைத் தோளால் முட்டித் தாழ்ப்பாள் விழும்வரை அழுத்தி மூடினார். பிறகு மூச்சு வாங்க வாசற்படியில் உட்கார்ந்துகொண்டார், காவலுக்கு.

டிரைவர் ரிமோட்டை அமுக்கி அலாரத்தை நிறுத்திவிட்டு வெளியே வந்தார்.

"யோவ்! கதவு சரியா மூடலைன்னு என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா?"

தையல்காரர் பதறி எழுந்தார். "எப்படிண்ணே சொல்றது? வாயைத் திறந்தா நீங்க ஏணியைத்தானே கேப்பீங்க? அதான், உங்க கார் சத்தம் கேக்குற வரைக்கும் இருந்துட்டு, இந்தத் தொட்டி மேல ஏறி அந்தப் பக்கம் இறங்கிடுவேன்."

டிரைவரின் போன் அலறியது. மகன்.

"ஒண்ணுமில்லடா! திருடனும் இல்ல, மெஷினும் கெடல. பின்கதவைக் கொஞ்சம்... காத்து தள்ளுது. தாழ்ப்பாளைச் சரி பண்ணா போதும். வீட்டை விக்கவும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்." போனை வைத்தபோது, ஏற்றிய சுமையெல்லாம் இறக்கிவிட்ட லாரி மாதிரி அவர் உடம்பு லேசாக இருந்தது.

மெக்கானிக் சிரிப்பை அடக்கிக்கொண்டு தாழ்ப்பாளைக் கழற்றப் போனார்.

டிரைவர் தொண்டையைக் கனைத்தார். "அதெல்லாம் இருக்கட்டும். என் ஏணி எங்கே?"

தையல்காரர் தயங்கித் தயங்கிச் சுவரைக் காட்டினார். சுவருக்கு மேலே, டிரைவர் தன் கையாலேயே பச்சை பெயிண்ட் அடித்த ஏணியின் தலை நீட்டிக்கொண்டிருந்தது.

"அலாரம் அடிக்கிறப்ப மட்டும்தாண்ணே இங்க சாத்துறேன். அதைக் கொடுத்துட்டா, நான் எதுல ஏறி வர்றது?"

டிரைவர் ஏணியையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு குரலை உயர்த்திச் சொன்னார்:

"அது அங்கேயே நிக்கட்டும். ஆனா ஒண்ணு, நல்லா ஞாபகம் வச்சுக்க. நீ எனக்கு இன்னும் ஏணி தரணும்."