பள்ளிக்கூட மரியாதை

“பள்ளிக்கூட வாசல் மிதியாத பிள்ளையை இங்க எடுக்க ஏலாது, அம்மா.”

பொறுப்பதிகாரி வாகீசன் விண்ணப்பத்தைத் திறந்தும் பார்க்கவில்லை. ஊர்காவற்றுறைத் தொழிற்பயிற்சி நிலையத்துக்கு மாற்றலாகி வந்து ஒரு கிழமைதான். அதற்குள் சட்டம் முழுக்க அவருக்கு நுனிநாக்கில் வந்துவிட்டது.

எமிலியும் மகள் பிரேமினியும் நெடுந்தீவிலிருந்து முதல் படகில் வந்தவர்கள். படகு எஞ்சின் திருத்தும் வகுப்பில் சேர இன்றுதான் கடைசி நாள். இதை விட்டால் பிரேமினி இன்னும் ஒரு வருடம் காத்திருக்க வேண்டும்.

“சாதாரண தரப் பரீட்சையை வெளியில இருந்து எழுதிப் பாஸ் பண்ணினவள், சேர். வீட்டில வைச்சு நான்தான் படிப்பிச்சனான்,” என்றார் எமிலி.

“பள்ளிக்கூட விடுகைப் பத்திரம் எங்க?”

அது இல்லை. ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கணக்குக்கும் விஞ்ஞானத்துக்கும் ஆசிரியர் நிலைப்பதில்லை, வருகிறவர்கள் அடுத்த தவணையே மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள், அதனால்தான் மகளை அனுப்பவில்லை என்று எமிலி தயங்கித் தயங்கிச் சொன்னார்.

“அப்ப மற்றச் சனத்தின்ர பிள்ளையள் அங்கதானே படிக்குதுகள்?”

எமிலிக்கு வெட்கமாகப் போய்விட்டது. தலையைக் குனிந்துகொண்டார்.

அந்த நேரம் பார்த்துப் பட்டறையிலிருந்து இரண்டு பெடியன்கள் கிறீஸ் படிந்த கையோடு உள்ளே வந்தார்கள். மேசைப் பக்கம் கண் போனதும் விறைத்து நின்று, அவசரமாகச் சட்டைப் பொத்தானைப் பூட்டி, வணக்கம் சொல்லிவிட்டு வெளியே ஓடினார்கள்.

வாகீசனுக்கு முகம் மலர்ந்தது. “உங்கட ஊர்ப் பெடியள்தான். என்னைக் கண்ட உடன என்ன மரியாதை பாத்தீங்களே? இதெல்லாம் பள்ளிக்கூடம் பழக்கினது. வீட்டில இருந்தா வராது.”

பிரேமினியின் கண் கலங்கியது. அதைப் பார்த்ததும் வாகீசன் கொஞ்சம் இளகினார்.

“உம்மில பிழையில்லைப் பிள்ளை. இவ்வளவு காலமும் உம்மைத் தேடி வராத உங்கட பள்ளிக்கூட அதிபரிலதான் பிழை. அவர் அதை என்னட்ட ஒத்துக்கொண்டா, நான் உம்மை எடுக்கிறன்.”

மேசைக் கண்ணாடிக்குக் கீழே தீவுப் பள்ளிக்கூடங்களின் அதிபர்களுடைய கைபேசி இலக்கங்கள் இருந்தன. அதெல்லாம் தேவையில்லை என்று எமிலி பதறிப்போய்த் தடுத்தார். பயப்பட வேண்டாம், அதிபருக்குக் கொடுக்க வேண்டிய ஏச்சை நான் கொடுக்கிறேன் என்று வாகீசன் நெடுந்தீவு அதிபரின் இலக்கத்தை அழுத்தினார்.

எமிலியின் கைப்பைக்குள் மணி அடித்தது.

அவர் மகளை ஒருமுறை பார்த்தார். பிறகு கைபேசியை எடுத்துக் காதில் வைத்தார்.

“அதிபர்தான் கதைக்கிறன், சேர். பிழை என்னிலதான்.”