கதவைத் தட்டுகிற ஆள்

“டேவியன் மீக்ஸ் நம்ம டீம்ல சேரணும்னா ஒரே ஒரு நிபந்தனையாம். அதுவும் உன்னைப் பத்தினதாம். வா எல்வுட், கோச் கூப்பிடுறார்!” என்று சாப்பாட்டுக்கூடத்தின் வாசலிலிருந்து குரல் கொடுத்தாள், கோச்சின் செயலாளர் லொரீன்.

எல்வுட் பிரூசாக்கின் கையிலிருந்த காபி தளும்பிச் சட்டையில் கொட்டியது. ‘கோச் கூப்பிடுறார்’ என்பது காலமெல்லாம் அவர் பிறரிடம் சொல்லிவந்த வார்த்தை. அடுத்தவர் வாயால் அதைக் கேட்பது இதுதான் முதல் தடவை.

பந்தைக் கையால் வீசியும் பிடித்தும் ஆடும் அமெரிக்கக் கால்பந்தில் ஸ்டர்ஜன்ஸ் ஓர் அணி. அங்கே அவருக்குச் சில்லறை வேலைகள் ஏராளம். பேர் வாங்கித் தந்தது மட்டும் ஒன்றுதான். யாரை அணியிலிருந்து நீக்கினாலும் அவன் அறைக்கதவைத் தட்டி, “கோச் கூப்பிடுறார், டேப்லெட்டையும் எடுத்துக்கோ” என்று அவர்தான் சொல்ல வேண்டும். ஆட்டத் திட்டங்களெல்லாம் அணி கொடுத்த அந்த டேப்லெட்டில் இருக்கின்றன. அதைத் திருப்பிக் கேட்டால் கதை முடிந்தது என்று பொருள். அதனால் வீரர்கள் அவருக்கு வைத்த பெயர் சாவுமணி.

“மலை மாதிரி ஆளுங்க என்னைப் பார்த்ததும் பாத்ரூமுக்குள்ள ஓடி ஒளியுறாங்க, ஐரீன். நான் விளையாடின காலத்துல ஒருத்தன்கூட என்னைப் பார்த்துப் பயந்ததில்ல” என்று மனைவியிடம் சொல்லிச் சிரிப்பார். அந்த ஐரீனின் சிகிச்சை முழுவதும் இந்த வேலை தரும் காப்பீட்டில்தான் ஓடிக்கொண்டிருந்தது.

இருவரும் நடைபாதையில் நடந்தார்கள்.

“அந்தப் பையனை அப்படி என்னதான் பண்ணித் தொலைச்ச?” என்றாள் லொரீன்.

மீக்ஸ் ஒரு கார்னர்பேக். எதிரணிக்காரன் ஓடிப்போய்ப் பிடிக்கவேண்டிய பந்தை அவன் கைக்குப் போகவிடாமல் மறிப்பதில் மீக்ஸுக்கு நிகர் அவனேதான். வாய் மட்டும்தான் அவனுக்கு எதிரி. ஒரு அணியில் முதலாளியை டிவியில் கிண்டல் செய்தான். இன்னொன்றில் கோச்சின் காலடியில் ஹெல்மெட்டை வீசினான். போன இடமெல்லாம் கழற்றிவிட்டார்கள். முதன்முதலில் கழற்றிவிட்டது ஸ்டர்ஜன்ஸ்தான். அன்று கதவைத் தட்டியவர் எல்வுட்.

“தட்டினேன். திறந்தான். விஷயத்தைச் சொன்னேன். ஷூவை எடுத்து எறிஞ்சான்.”

“பட்டுச்சா?”

“நெத்தியில. பையன் பந்து வீசுற ஆளா வந்திருக்கணும்னு அப்பவே நினைச்சேன்.”

“அப்புறம்?”

“கட்டில்ல உக்காந்து அழுதான். சும்மா நிக்கத் தெரியல எனக்கு. அவன் துணியெல்லாம் மடிச்சுப் பெட்டியில வெச்சேன். பஸ் ஸ்டேஷனுக்கு என் டிரக்குல கூட்டிட்டுப் போனேன். ஹீட்டர் வேலை செய்யல. வழியில பான்கேக் வாங்கிக் குடுத்தேன். அவன் தொடவேயில்ல. வீணாப் போகுதேன்னு ரெண்டு தட்டையும் நானே தின்னேன்.”

“பாவி!”

“அத்தோட விட்டேனா? பஸ் கிளம்புறப்ப அவன் கையைப் பிடிச்சுக்கிட்டு, இவன் மறுபடி இங்கயே வந்து ஆடணும்னு சத்தமா ஜெபம் வேற பண்ணினேன். அதுல அவன் பேரைத் தப்பாச் சொல்லிட்டேன், லொரீன். டேரியஸ்னு சொல்லிட்டேன்.”

லொரீன் நெற்றியில் அடித்துக்கொண்டாள். “அவன் ஒண்ணும் சொல்லலையா?”

“முறைச்சான். ‘ஆண்டவருக்கு ஆள் தெரியும்பா’ன்னு சமாளிச்சேன்.”

எதிரே வந்த தடுப்பாட்டக்காரன் ஒருவன் அவரைப் பார்த்ததும் வழக்கம்போல் சுவரோரமாக ஒதுங்கினான். விஷயம் அதற்குள் அவன் காதுக்கும் எட்டியிருந்தது. “என்ன சாவுமணி, உங்களுக்கே மணி அடிச்சுட்டாங்களா? டேப்லெட்டை மறக்காம எடுத்துட்டுப் போங்க!” என்றான்.

எல்வுட்டும் சேர்ந்து சிரித்தார். அறை வாசலில் ஒரு கணம் நின்று கண்ணை மூடினார். ‘ஆண்டவரே, அவன் பேர் டேவியன். இந்தத் தடவை சரியாச் சொல்லிட்டேன். ஐரீனை நினைச்சுக்கோங்க.’

உள்ளே கோச் ஹாலிஸ் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். எதிர் நாற்காலியில் கால் நீட்டிச் சாய்ந்திருந்தான் மீக்ஸ். எல்வுட்டைப் பார்த்ததும் நிமிர்ந்தான்.

“எல்வுட், வரிசையாத் தோத்துக்கிட்டு இருக்கோம். இவன் வரலேன்னா இந்த சீசன் அவ்வளவுதான்” என்றார் கோச். “இவன் கேட்டதுக்கு நான் சரின்னுட்டேன். நீங்க எதிர்த்துப் பேசக்கூடாது.”

எல்வுட் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைக் கழற்றி மேசையில் வைத்தார். கக்கத்திலிருந்த தன் டேப்லெட்டையும் அதன் பக்கத்தில் வைத்தார்.

“நீங்க கேக்குறவரைக்கும் எதுக்குக் காத்திருக்கணும் கோச்? இந்த வேலையில எனக்கு அனுபவம் இருக்கு.”

மீக்ஸ் எழுந்தான். அந்த அட்டையைக் கையிலெடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“இவர்தான் கோச். மொத டீம்ல இவர் வந்தார். அடுத்த டீம்காரன் போன்ல ரெண்டு வரி மெசேஜ் போட்டான். அதுக்கு அடுத்த டீம்ல, காலையில கேட்ல கார்டைக் காட்டினேன், கதவு திறக்கல. கடைசி டீம்... முடி வெட்டிக்கிட்டு இருந்தேன், டிவியில சொன்னாங்க. கடைக்காரன் பாதியில கத்திரியை நிறுத்திட்டு என் மூஞ்சியைப் பார்த்தான்.”

அட்டையை மறுபடியும் எல்வுட்டின் கழுத்தில் மாட்டிவிட்டான். கோணலாக இருந்த கயிற்றைச் சரிசெய்தான்.

“என் வாயைப் பத்தி எனக்குத் தெரியும். என்னைக்காவது நீங்களும் என்னை அனுப்பத்தான் போறீங்க. அன்னைக்கு வந்து கதவைத் தட்டுற ஆள் இவராத்தான் இருக்கணும். அதுவரைக்கும் இவரை வேலையை விட்டு அனுப்பக்கூடாது, அவ்வளவுதான் என் நிபந்தனை” என்றவன், எல்வுட் பக்கம் திரும்பித் தாழ்ந்த குரலில் சொன்னான்: “அந்தத் தடவை பான்கேக்கை நான் சாப்பிடுறேன் சார். ஜெபத்துல பேரை மட்டும் மாத்திடாதீங்க. டேரியஸ்னே சொல்லுங்க, அதுதான் பலிச்சிருக்கு.”