ஏழாவது பாகம்

கையுறை மாட்டிக்கொண்டுதான் அதை அவன் தொட்டான். ரேகை படாமல் பிளாஸ்டிக் உறைக்குள் இறக்கி, வாயை டேப் போட்டு ஒட்டி, கட்டிலுக்கடியில் மற்ற ஐந்தோடு படுக்கவைத்தான்.

"பொணத்த அடக்கம் பண்ணியாச்சுன்னா சாப்பிட வாடா," என்றாள் அம்மா.

பிணமல்ல; ஜப்பானியப் படக்கதையின் ஆறாவது பாகம். பதினாறு வயதுப் பையன் ஒருவன் முதல் காதலைச் சொல்லத் தெரியாமல் இருண்டுபோகும் கதை, மொத்தம் ஏழு பாகம். படித்த நாளிலிருந்து இவனும் இருண்டுவிட்டான். சிரிப்பதை நிறுத்தினான். ஒரு கண்ணை மறைத்து முடி வளர்த்தான்.

"வெட்டித் தொலையேன், அந்தக் கண்ணுக்கும் கொஞ்சம் வெளிச்சம் வரட்டும்."

"உனக்குப் புரியாதும்மா."

யாருக்கும் இரவல் தராதவன், எதிர்வீட்டுப் பெண்ணுக்கு மட்டும் தந்தான். வாரம் ஒரு பாகம். அவன் கணக்கில் அது உயிரையே எழுதிக் கொடுத்த மாதிரி.

திருப்பித் தரும்போதெல்லாம் அவள் செருப்பு நுனியால் தரையைக் கீறிக்கொண்டு நிற்பாள். "இன்னொரு தடவ படிச்சுப் பாரேன்."

"நான் எதையும் ஒரு தடவதான் படிப்பேன். திரும்பத் திறந்தா புத்தகத்தோட முதுகு மடங்கிடும்," என்பான், எங்கோ பார்த்தபடி. கதாநாயகன் அப்படித்தான் பார்ப்பான்.

முதல் பாகத்தின்போது அதைக் கேட்டு அவள் சிரித்தாள். ஆறாவதின்போது, "சரி" என்று மட்டும் சொன்னாள்.

ஏழாவதில்தான் கதாநாயகன் வாயைத் திறக்கிறான், எல்லாம் முடிந்த பிறகு. இவன் அவ்வளவு முட்டாள் இல்லை. அதையும் அவளிடம் கொடுத்தாயிற்று; அவள் திருப்பித் தரும் அன்றைக்கே தன் காதலைச் சொல்லிவிடுவான். கண்ணாடி முன் பன்னிரண்டு விதமாகச் சொல்லிப் பார்த்தான். கண்ணாடியில் பாதி முகம்தான் தெரிந்தது. போய் முடியை வெட்டிக்கொண்டு வந்தான்.

ஞாயிறு காலை அழைப்பு மணி அடித்தது. ஓடிப்போய்க் கதவைத் திறந்தான். எதிர்வீட்டு வாசலில் சாமான் லாரி. அவள் அப்பா பீரோவுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். தெருவுக்கே தெரிந்த விஷயம், இருளில் இருந்தவனுக்கு மட்டும் தெரியவில்லை.

படியில் நின்றது அவள் தங்கை. கையில் ஏழாவது பாகம்.

"அக்கா எங்க?"

"கார்ல ஏறி உக்காந்துட்டா. வரமாட்டாளாம்." புத்தகத்தை நீட்டினாள். "இதுல எதுவும் எழுதலையாம். நீங்க பயப்படாமத் திறக்கலாமாம்ணா."

"எழுதலையா? என்ன எழுதல?"

"அதான்ணா, மத்த ஆறுலயும் கடைசிப் பக்கத்துல எழுதியிருந்தாளே!"