நூற்று இருபத்தேழும் அதன் வாலும்

“மாமா, சொன்னா கேளுங்க. ‘ஏ’ல போயிடலாம். கடற்காத்து வரும், ஐரீனுக்கு நல்லது.”

“காத்து வாங்கவா போறோம் மாப்பிள? அவ பிள்ளை பெத்துக்கப் போறா. நேர் ரோடு இருக்கும்போது எவனாவது வளைஞ்சு வளைஞ்சு போவானா?”

ராக்போர்ட் ஐந்து முனைச் சந்திப்பில் கார் நின்றுகொண்டிருந்தது. ஓட்டுகிற இடத்தில் கார்லோ. பக்கத்தில் அவனுடைய மாமனார் ஆர்வோ. பின் சீட்டில், காலையிலிருந்து வலி கண்டிருந்த ஐரீன்.

எங்கள் ராக்போர்ட்டிலிருந்து க்ளாஸ்டர் ஆஸ்பத்திரிக்குப் போக இரண்டு மாநில நெடுஞ்சாலைகள் உண்டு. நூற்று இருபத்தேழு காட்டுப் பக்கமாக நேராகப் போகும். நூற்று இருபத்தேழு ‘ஏ’ கடலை ஒட்டி வளைந்து போகும். இங்கே பிரிந்து அங்கே சேர்ந்துவிடும், தூரத்திலும் பெரிய வித்தியாசம் கிடையாது. ஆனாலும் எது நல்ல ரோடு என்று கல்யாண விருந்துகளில் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்திருக்கிறோம். வேறு வேலை இல்லாத ஊர் என்று நீங்கள் நினைத்தால் தப்பில்லை.

ஆர்வோ ராக்போர்ட்டில் சிங்கி இறால் பிடிப்பவர், நேர் ரோட்டுக் கட்சி. கார்லோ க்ளாஸ்டர்க்காரன், ‘ஏ’ கட்சி. ஐரீன் எந்தக் கட்சி என்று இருவரும் மாறி மாறித் திரும்பிக் கேட்டதில்தான் அவளுக்குப் பொறுமை போயிருந்தது.

“ரெண்டு பேரும் முன்னால பாத்து ஓட்டுங்க. இனிமே யாராவது திரும்பி என் மூஞ்சியப் பாத்தீங்க, தலையணை பறக்கும்.”

இருவரும் திரும்பவில்லை. பதிலாக, காரைவிட்டு இறங்கினார்கள். சந்திப்பில் பெட்ரோல் பங்க் வைத்திருக்கும் எல்மரிடம் நியாயம் கேட்க.

“எல்மர், நீயே சொல்லு. அவசரத்துக்கு எது?”

எல்மர் கையைத் துடைத்தான். வானத்தைப் பார்த்தான். “இன்னிக்கு ஞாயித்துக்கிழமையா?” என்று ஆரம்பித்தான். பெட்ரோல் போட வந்த நாலு பேரும் சேர்ந்துகொண்டார்கள். ஆளுக்கொரு ரோடு சொன்னார்கள். பின்னால் ஹில்டாவின் மீன் வண்டி விடாமல் ஹாரன் அடித்தது. யாரும் கண்டுகொள்ளாததால் கொஞ்ச நேரத்தில் அடங்கி, ஒதுங்கிப் போய்விட்டது.

ஓட்டுப் போட்டதில் சமமாக வந்தது. சாவி கார்லோவிடம் இருந்ததால் ‘ஏ’ ஜெயித்தது.

இருவரும் ஓடிவந்து ஏறினார்கள். வண்டி கடலோரமாகப் பறந்தது.

“பாத்தீங்களா மாமா? சத்தமே இல்ல. வீட்லேர்ந்து சந்திப்பு வரைக்கும் எப்படி முனகினா? ‘ஏ’ல ஏறினதும் வலி அடங்கிருச்சு. ரோடுன்னா இது ரோடு.”

“பல்லைக் கடிச்சுக்கிட்டு கெடக்கா. இத்தனை வளைவுல எவளுக்குப் பேச்சு வரும்? ஐரீன், அப்பா சொல்றது சரிதானே?”

பதில் இல்லை.

“பாத்தியா, ஒத்துக்கிறா.”

“அது எனக்கு ஒத்துக்கிறது மாமா.”

“கோவமா இருக்கா. கோவம் வந்தா வாயே தொறக்க மாட்டா, அவ அம்மா மாதிரி,” என்றார் ஆர்வோ. லேசாகக் கழுத்தைத் திருப்பினார். தலையணை ஞாபகம் வந்து நேராக்கிக்கொண்டார்.

கடற்கரைப் பக்கம் வந்ததும் வண்டி நின்றது. கடலில் குளித்துவிட்டுக் கிளம்பியவர்களின் அத்தனை கார்களும் ரோட்டில் இருந்தன. முன்னால் நகரவும் வழியில்லை, திரும்பவும் வழியில்லை. முக்கால் மணி நேரம் அப்படியே நின்றார்கள்.

ஆர்வோவுக்கு உள்ளூர ஒரு குஷி. “ஆகஸ்ட் மாசம், ஞாயித்துக்கிழமை, ‘ஏ’. நான் என்ன சொன்னேன்?” என்றவர், சட்டென்று தலையில் அடித்துக்கொண்டார். “என் பொண்ணு பின்னால துடிக்கிறா, நான் ஜெயிச்சுட்டேன்னு சிரிக்கிறேன். நானெல்லாம் ஒரு அப்பன்.”

கார்லோ ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்தான். பயத்தை மறைக்கத்தான் அவனும் அவ்வளவு பேசியது. “அவளுக்கு எதாவது ஆச்சுன்னா மாமா, நான் ஜென்மத்துக்கும் உங்க ரோட்டுலதான் போவேன்.”

“சும்மா இரு. என் ரோட்டுல போயிருந்தாலும் எதையாவது முட்டியிருப்போம். நம்ம ரெண்டு பேர் ராசி அப்படி. ஐரீன், கொஞ்சம் பொறுத்துக்கம்மா.”

அப்போதும் பதில் இல்லை. அதற்குப் பிறகு இருவரும் ரோட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் கார்லோ பிரேக்கை மிதித்த மிதியில் டயர் அலறியது. “நர்ஸ், சீக்கிரம் வாங்க. பின் சீட்டுல என் மனைவி” என்று கத்திக்கொண்டே இறங்கினான்.

வாசலில் நின்ற நர்ஸ் அசையவில்லை. கையைக் கட்டிக்கொண்டு இருவரையும் ஏற இறங்கப் பார்த்தாள்.

“ஐரீனோட வீட்டுக்காரரும் அப்பாவுமா? கதவத் தெறக்க வேணாம். உள்ள தலையணை மட்டும்தான் இருக்கும். நீங்க சந்திப்புல ஓட்டுப் போட்டுட்டிருந்தப்பவே அவங்க மீன் வண்டில ஏறி வந்துட்டாங்க. பிள்ளை பொறந்து அரை மணி ஆச்சு. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க.”

ஆர்வோ கார் ஜன்னல் வழியாகப் பார்த்தார். தலையணைதான் இருந்தது. கார்லோ அப்படியே வாசற்படியில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டான். பிறகு இருவரும் ஒரே நேரத்தில் வாயைத் திறந்தார்கள்.

“எந்த ரோட்டுல வந்தாங்க?”

நர்ஸ் சிரித்துவிட்டாள். “ஆணா பொண்ணான்னு கேக்குறதுக்கு முன்னாடி இதத்தான் கேப்பீங்க, செத்தாலும் சொல்லாதேன்னு ஐரீன் எங்கிட்ட சத்தியம் வாங்கியிருக்காங்க.”