மிஞ்சிய சொல்

மனைவி வானதியின் மடிக்கணினியில் பாரசீக எழுத்தை வலமிருந்து இடமாக ஓடவைக்கக் கதிரேசன் காலையெல்லாம் மல்லுக்கட்டினான். ஈரானில், ஷிராஸிலிருக்கும் பெஹ்ரூஸ் என்பவனிடம் அவள் இணையத்தில் அந்த மொழியைக் கற்கிறாள். ஒருவழியாகக் கர்சர் வலது ஓரத்தில் போய் நின்றது.

“ஏதாச்சும் அடிச்சுப் பாரு.”

விசைகளைப் பார்க்காமலே ஒரு வரி அடித்தாள். அடிக்கும்போதே தனக்குள் சிரித்துக்கொண்டாள்.

“என்ன எழுதுன?”

“சும்மாதாங்க. அழிச்சிடுங்க,” என்று டீ போடப் போனாள்.

அழித்தான். வரி இடப்பக்கமிருந்து கரைந்து, அவள் முதலில் எழுதிய சொல்லும் தலைகீழான ஒரு காற்புள்ளியும் மிஞ்சின. ஒருவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடும்போதுதானே முதல் சொல்லுக்குப் பின் காற்புள்ளி வைப்பார்கள்? விரல் நின்றது.

“வானதி, என் பேர இதுல எப்படி எழுதணும்?”

“அட, இதுவரைக்கும் எழுதிப் பாத்ததே இல்லியே!”

கதிரேசன் அந்தச் சொல்லை அழிக்காமல் சேமித்தான்.