ஜூன் இருபத்தைந்தில் ஒரு முகூர்த்தம்

"ஜூன் மூணா? வேண்டவே வேண்டாங்க! நாட்டையே ரெண்டாப் பிரிக்கப் போறோம்னு வெள்ளைக்காரன் அறிவிச்ச நாளுங்க அது. அன்னைக்குப் போயி ரெண்டு பேரைச் சேர்த்து வெக்கிறதா?"

அர்த்தனாரி சொல்லி முடிப்பதற்குள் சுசித்ரா தலையில் கை வைத்துக்கொண்டாள். அப்பா ஆரம்பித்துவிட்டார்!

மலைமேல் வாசலூர்பட்டியில் மிளகுத் தோட்டம் வைத்திருக்கும் அர்த்தனாரிக்குக் காலையில் காபி இல்லாவிட்டாலும் பரவாயில்லை, பேப்பரில் 'வரலாற்றில் இன்று' படிக்காவிட்டால் பொழுதே விடியாது. தினசரி காலண்டரில் தாளைக் கிழிக்கும்போதே, அன்றைக்கு எந்த ராஜா செத்தான், எந்த ஊரில் யார் சதம் அடித்தார் என்று தோட்டத்து ஆட்களிடம் ஒப்பித்துவிடுவார். மற்ற நாட்களில் மகளுக்கும் அது வேடிக்கைதான். இன்றைக்கு இல்லை.

எதிரே காளப்பநாயக்கன்பட்டியிலிருந்து வந்த செல்வம். எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் கும்பிட்டுக்கொண்டே ஏறி வந்த மனிதர். கையில் இன்னும் எலுமிச்சம்பழம். பக்கத்தில் அவருடைய தங்கை மணிமேகலை. ஜன்னலோரம், தகப்பனில்லாமல் அவள் தனியாக வளர்த்த மகன் கவின்.

"இதோட மூணாந் தடவை மலையேறி வாரேனுங்க" என்றார் செல்வம். "ஜோசியர் குடுத்ததே மூணு தேதி. இன்னைக்கு முடிவாகலீன்னா இந்தப் பேச்சை விட்டுருவோம். எங்க சனத்துல ஏற்கெனவே ஆளாளுக்கு ஒண்ணு பேசறாங்க."

சுசித்ராவும் கவினும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆறு மாதமாக இரண்டு பேரும் போனிலேயே பேசிப் பேசிப் போட்ட திட்டம். செல்வத்தைச் சம்மதிக்க வைக்கக் கவின் பட்ட பாடு கொஞ்சமா? வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்துவிடும் போலிருக்கிறதே!

அப்பாவின் பயம் அவளுக்குப் புரியாமலில்லை. அம்மா போன பிறகு ஏழு வருஷமாக இந்த வீட்டில் இரண்டே பேர். ஊர் என்ன சொல்லுமோ என்ற கவலை வேறு. மனசில் இருப்பதை வாய் விட்டுச் சொல்லத் தெரியாமல், செத்துப்போன ராஜாக்களை இழுத்து வந்து முன்னால் நிறுத்துகிறார்.

"சரிங்க, ஜூன் பதினெட்டு?" என்றார் செல்வம்.

"ஐயையோ! வாட்டர்லூ சண்டையில நெப்போலியன் தோத்த நாளுங்க."

"நெப்போலியன் உங்க பங்காளிங்களா?"

சுசித்ரா சட்டென்று குறுக்கே புகுந்தாள். தேதிகளைக் கவின் நேற்றே அனுப்பியிருந்தான். அவளும் ஒவ்வொன்றையும் துருவிப் படித்துவிட்டுத்தான் உட்கார்ந்திருந்தாள். "அப்பா! அதே பதினெட்டாந் தேதிதான் கபில்தேவ் நூத்தி எழுபத்தஞ்சு அடிச்சாரு. பதினேழு ரன்னுக்கு அஞ்சு விக்கெட் போயும் ஜெயிச்சோமில்ல?"

அர்த்தனாரியின் முகம் ஒரு நிமிஷம் மலர்ந்தது. உடனே சுருங்கியது.

"அந்த மேட்ச்சை யாருமே படம் புடிக்கலியே கண்ணு. கல்யாணத்துக்கும் போட்டோக்காரன் வராமப் போயிட்டான்னா?"

கவின் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினான். செல்வம் சிரிக்கவில்லை. எழுந்து செருப்பைத் தேட ஆரம்பித்தார்.

மிச்சம் ஒரே ஒரு தேதி. கடைசி ஓவர், கடைசி விக்கெட்!

"ஜூன் இருபத்தஞ்சு!" என்று சுசித்ரா கத்தியே விட்டாள்.

"எமர்ஜென்சி" என்றார் அப்பா, கொஞ்சமும் யோசிக்காமல். "எழுபத்தஞ்சுல அன்னைக்குத்தான் நாட்டோட வாயையே கட்டினாங்க."

"அதே ஜூன் இருபத்தஞ்சுதான், முப்பத்திரெண்டாம் வருஷம், லார்ட்ஸ் மைதானத்துல நாம மொத டெஸ்ட் மேட்ச் ஆட ஆரம்பிச்சோம். அதுல தோத்தோம். அதே தேதி, அதே மைதானம், எம்பத்திமூணுல என்ன நடந்துச்சு? நீங்களே சொல்லுங்கப்பா!"

"நாம அடிச்சது வெறும் நூத்தி எம்பத்திமூணு ரன்னுங்க" என்று கவினும் சேர்ந்துகொண்டான். "எதிர்ல யாரு? ரெண்டு தடவை உலகக் கப்பு வாங்கின வெஸ்ட் இண்டீஸ்! நம்ம கதை முடிஞ்சுதுன்னுதானுங்க எல்லாரும் நெனச்சாங்க. அப்புறம்?"

"கப்பு..." என்று முனகினார் அர்த்தனாரி. "கப்பு நமக்குத்தான். அது சரி, ஆனா அந்த எமர்ஜென்சி..."

அதுவரை ஒரு வார்த்தை பேசாத மணிமேகலை நிமிர்ந்தாள்.

"ஏனுங்க, எமர்ஜென்சியையும் ஒரு நாளு எடுத்தாங்கதானுங்களே? காலத்துக்கும் அப்படியேவா வெச்சிருந்தாங்க?"

செருப்புக்குள் நுழைத்த காலோடு செல்வம் அப்படியே நின்றார். அர்த்தனாரி சுவரில் மாலையோடு இருந்த மனைவியின் படத்தைப் பார்த்தார். பிறகு மகளைப் பார்த்தார். அவள் கண்ணாலேயே கெஞ்சினாள். மெல்ல எழுந்து காலண்டரிடம் போனவர், தாள்களைப் புரட்டி, ஜூன் இருபத்தைந்தின் முனையை மடித்தார்.

"வெச்சுக்கலாமுங்க."

சுசித்ரா குழந்தை மாதிரி குதித்தாள். சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது. செல்வம் எலுமிச்சம்பழத்தைப் பைக்குள் போட்டுவிட்டு, வெற்றிலை பாக்குத் தட்டை இரண்டு கையாலும் எடுத்து அர்த்தனாரியிடம் நீட்டினார்.

"புடிங்க மாப்பிள்ளை! என்ற தங்கச்சியை இனிமே நீங்கதான் கண்கலங்காமப் பார்த்துக்கோணும்."

மணிமேகலை வெட்கத்தோடு தலையைக் குனிந்துகொள்ள, கவின் ஓடிவந்து சுசித்ராவின் கையைப் பிடித்துக் குலுக்கினான்.

"ஜெயிச்சுட்டோம்க்கா! எங்கம்மாவுக்கு நீங்க பொண்ணுத் தோழி, உங்கப்பாவுக்கு நான் மாப்பிள்ளைத் தோழன்!"